லாட்ஜ் வெந்நீர்த் தொட்டி: தெர்மோஸ்டாட் 60-ல், தண்ணீர் 78-ல். எதை மாற்றுவது?

ஜங்ஷன்_மேனேஜர் (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு சந்தில் 24 அறைகள் உள்ள லாட்ஜைப் பார்த்துக்கொள்கிறேன். மொட்டை மாடியில் 500 லிட்டர் எஸ்எஸ் வெந்நீர்த் தொட்டி, நின்ற வாக்கில் இருப்பது. முன்பு சோலார். ட்யூப்கள் ஒவ்வொன்றாக உடைந்து, கடைசியில் ஓனர் பேனலையே கழற்றிப் போட்டுவிட்டார். இப்போது கரண்ட் மட்டும்தான். தொட்டியின் நடு உயரத்தில் 3 கிலோவாட் ஹீட்டர் இரண்டு. டைமர் ராத்திரி இரண்டரைக்கு ஆன், காலை ஆறரைக்கு ஆஃப்.

எங்களிடம் தங்குகிறவர்களில் பாதிப் பேர் ராமேஸ்வரம் போகிற வழியில் மீனாட்சி அம்மனைப் பார்க்க வரும் வடநாட்டு யாத்திரைக்காரர்கள். நாலரை, ஐந்து மணிக்கே குளிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அந்த நேரம் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வருகிறது. போன வாரம் ஒரு வயசான அம்மா வாளியில் கை விட்டுத் தோல் சிவந்துவிட்டது. ஆறு மணிக்கு மேல் எழுகிறவர்களுக்கோ வெதுவெதுப்புகூட இல்லை. இரண்டு தரப்பும் ரிசப்ஷனில் வந்து சத்தம் போடுகிறார்கள்.

முதலில் செப்பு நரம்பு வைத்த கேப்பிலரி தெர்மோஸ்டாட் இருந்தது, 60-ல் வைத்திருந்தோம். தொட்டியின் மேல் குழாயில் பிடித்த தண்ணீரைத் தெர்மாமீட்டரில் பார்த்தால் 78. எலக்ட்ரீசியன் புதிதாக ஒன்று போட்டார், அதே கதை. அப்புறம் ஆன்லைனில் டிஜிட்டல் கன்ட்ரோலர் இரண்டு வாங்கி, ஹீட்டருக்கு ஒன்றாக நேராகவே கொடுத்துவிட்டார். ஹீட்டர் கரண்டை இணைத்து வெட்டும் காந்த சுவிட்சான பழைய கன்டாக்டரைக் கழற்றிவிட்டோம். அதிலும் மேலே தண்ணீர் கை வைக்க முடியாத சூடு, கன்ட்ரோலரில் 33 டிகிரி என்று காட்டுகிறது. இரண்டும் அதே 33, 34. இப்போது புதிதாக இன்னொன்று: செட்டிங்கை 20-க்கு இறக்கினாலும் ஒரு ஹீட்டர் நிற்கவில்லை. கன்ட்ரோலர் லைட் அணைகிறது, கிளாம்ப் மீட்டரில் 13 ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கிறது.

தொட்டி மேலே, சூடு மிஞ்சினால் கரண்டை வெட்டுகிற சிவப்பு பட்டன் கட்-அவுட் ஒன்று இருந்தது. தினமும் காலையில் அது விழுந்துகொண்டே இருந்ததால் எலக்ட்ரீசியன் அதை லூப் பண்ணி, அதாவது அதைத் தாண்டி வயரை இணைத்து, வைத்திருக்கிறார்.

நல்ல பிராண்ட் தெர்மோஸ்டாட் வாங்கினால் சரியாகுமா? சூட்டை நுணுக்கமாகப் பிடித்து வைக்கும் பிஐடி கன்ட்ரோலர் போடலாம் என்று ஒருவர் சொல்கிறார், அது ஐந்தாறாயிரம் ஆகும் போலிருக்கிறது. எதை வாங்கலாம் என்று சொல்லுங்கள்.

குன்றத்து_கொதிகலன் (பதில்):

தம்பி, எதை வாங்குவது என்பதைக் கடைசியில் பேசுவோம். முதலில் மாடிக்குப் போய் எம்சிபியை இறக்கிவிட்டு அந்தக் கட்-அவுட் லூப்பை எடுத்துவிடுங்கள். இன்றைக்கே. இதற்கு அப்புறம் நான் எழுதியிருப்பதை எல்லாம் சாவகாசமாகப் படிக்கலாம்.

நான் ஸ்பின்னிங் மில்லில் பாய்லர் அட்டெண்டன்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது திருப்பரங்குன்றத்தில் இருந்துகொண்டு லாட்ஜ், ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம் என்று வெந்நீர் லைன்களைப் பார்த்துக் கொடுக்கிறேன். நீங்கள் எழுதியதில் ஒரு வரி போதும், நோய் என்ன என்று தெரிந்துவிட்டது. மேலே 78, கன்ட்ரோலரில் 33. கன்ட்ரோலர் பொய் சொல்கிறது என்று நினைக்கிறீர்கள். இரண்டு தனித்தனி கன்ட்ரோலர், இரண்டு தனித்தனி சென்சார், இரண்டும் ஒரே 33-ஐக் காட்டினால் அது பொய்யாக இருக்க வாய்ப்பில்லை. சென்சார் இருக்கிற இடத்தில் தண்ணீர் நிஜமாகவே 33 டிகிரியில்தான் இருக்கிறது.

நான் ஊகிப்பது இது. சோலார் இருந்தபோது தொட்டியின் அடிப்பக்கத்தில் ஒரு சின்னப் பாக்கெட் வைத்து அதில் ஒரு சென்சார் விட்டிருப்பார்கள். பம்ப் வைத்த சோலாரில் அது கட்டாயம் வேண்டும். பேனல் சூட்டையும் தொட்டி அடித்தண்ணீர்ச் சூட்டையும் ஒப்பிட்டு, பேனல் சில டிகிரி கூடுதலாக இருந்தால்தான் பம்ப் ஓடும். சோலாரைக் கழற்றியபோது அந்தப் பாக்கெட் காலியாகியிருக்கும். உங்கள் எலக்ட்ரீசியன் கைக்கு வசதியாக இருக்கிறதே என்று ஹீட்டர் தெர்மோஸ்டாட்டின் பல்பை, அதாவது சூட்டை உணரும் முனையை, அதில் செருகிவிட்டார்; டிஜிட்டலின் சென்சார்களும் அங்கேயே போயிருக்கும்.

சோலார் தொட்டியில் கரண்ட் ஹீட்டரை நடு உயரத்தில் வைப்பது வேண்டுமென்றே செய்வது. வெயில் இல்லாத நாளில் மேல் பாதியை மட்டும் சூடாக்கினால் போதும், கீழ்ப்பாதியை மறுநாள் சூரியனுக்கு விட்டுவைக்கலாம் என்று. சூடான தண்ணீர் மேலேதான் போகும், கீழே இறங்காது. ஹீட்டருக்கு மேலே உள்ள 250 லிட்டர் சூடாகும், கீழே உள்ள 250 லிட்டர் கிட்டத்தட்ட மாடித் தொட்டித் தண்ணீரின் சூட்டிலேயே நிற்கும். அந்தக் கீழ்த் தண்ணீரில் தெர்மோஸ்டாட் உட்கார்ந்திருக்கிறது. வாசலில் நிற்கிற வாட்ச்மேனிடம் மூன்றாவது மாடியில் ஏசி ஓடுகிறதா என்று கேட்பது போல. அது 60-ஐப் பார்க்கவே பார்க்காது. அதனால் ஹீட்டரை நிறுத்தவும் நிறுத்தாது.

கணக்கு போட்டுப் பாருங்கள், உங்கள் நேரத்தோடு அப்படியே ஒட்டும். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4.186 கிலோஜூல். மார்கழி விடியற்காலையில் மாடித் தண்ணீர் 24 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 250 லிட்டரை 60-க்குக் கொண்டுவர 10.5 யூனிட் வேண்டும். 6 கிலோவாட்டில் ஒன்றே முக்கால் மணி நேரம். இரண்டரைக்கு ஆரம்பித்தால் நாலேகாலுக்கு 60 வந்துவிடும். அங்கே நிற்க வேண்டியது நிற்காமல் ஓடுவதால் ஐந்து மணி சுமாருக்கு 78. உங்கள் தெர்மாமீட்டர் சொன்ன அதே எண். இன்னும் கொஞ்சம் ஓடினால் கட்-அவுட் விழுகிற சூடு. ஆக, தினமும் விழுந்த அந்தச் சிவப்பு பட்டன்தான் உங்கள் தொட்டியில் ஒழுங்காக வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஆள். அதைத்தான் லூப் பண்ணி வைத்திருக்கிறார்கள்.

ஆறு மணிக்கு மேல் ஏன் தண்ணீர் ஆறிப்போகிறது என்பதற்கும் இதே பதில்தான். உங்களிடம் இருப்பது 500 லிட்டர் வெந்நீர் இல்லை, 250 தான். 20 லிட்டர் வாளியில் 40 டிகிரி தண்ணீர் வேண்டுமென்றால் 60 டிகிரித் தண்ணீர் 9 லிட்டர், மீதி பச்சைத் தண்ணீர். 250 லிட்டருக்கு 28 வாளி. 24 அறையில் இரண்டிரண்டு பேர் என்றால் 48 வாளி. எப்படிப் போதும்? முழுத் தொட்டியும் 60-ல் இருந்தால் கணக்குக்கு 55 வாளி. குழாயில் ஆறுவது, உள்ளே வரும் பச்சைத் தண்ணீர் கலப்பது எல்லாம் போக 45 தாராளமாகத் தேறும்.

இப்போது அந்த நிற்காத ஹீட்டர். 3 கிலோவாட் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். அந்த மாதிரிச் சின்ன கன்ட்ரோலர்களில் உள்ளே இருக்கும் ரிலே என்ற சின்ன சுவிட்ச் பெரும்பாலும் 10 ஆம்பியர்தான். மேல்மூடியில் எழுதியிருப்பதைப் பாருங்கள். 13 ஆம்பியரை வெட்டி வெட்டி அதன் காண்டாக்ட் புள்ளிகள் ஒட்டிக்கொண்டுவிட்டன. அதனால்தான் லைட் அணைந்தும் கரண்ட் நிற்கவில்லை. கன்ட்ரோலரின் வேலை கன்டாக்டர் காயிலை இயக்குவது மட்டும். ஹீட்டர் கரண்ட் கன்டாக்டர் வழியாகத்தான் போக வேண்டும். கழற்றிய கன்டாக்டரைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். ஹீட்டர் மாதிரி சுமைக்கு ஏசி-1 என்று போட்டிருக்கும் ஆம்பியரைப் பார்க்க வேண்டும், மோட்டாருக்கான ஏசி-3 எண் வேறு.

கட்-அவுட்டைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், எனக்கு இது முக்கியம். நான் ஓட்டிய கொதிகலனில் வாட்டர் கேஜ் இரண்டு, சேஃப்டி வால்வு இரண்டு. ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்க வேண்டும், அதுவும் முதலாவதோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதற்காக. வெந்நீர்த் தொட்டிக்கும் இதேதான். தெர்மோஸ்டாட் தினசரி வேலைக்கு. கட்-அவுட் அது கெட்டுப்போகிற நாளுக்கு. தெர்மோஸ்டாட் எத்தனை ஆயிரம் ரூபாய் பிராண்டாக இருந்தாலும் ஒரு நாள் காண்டாக்ட் ஒட்டும். அதனால் கட்-அவுட் தொட்டியின் மேல்பக்கம், தனி சென்சாரோடு, கையால் அமுக்கினால்தான் திரும்ப ஆன் ஆகிற வகையாக, 85 டிகிரி சுமாரில் இருக்க வேண்டும். அது கன்டாக்டர் காயில் வயரை வெட்டினால் மட்டும் போதாது, கன்டாக்டரே ஒட்டிக்கொண்டால் பயனில்லை. மெயினில் இன்னொரு கன்டாக்டர் வைத்து அதன் காயிலைக் கட்-அவுட் வழியாகக் கொடுங்கள். செலவு அதிகமில்லை.

தொட்டியின் உச்சியில் காற்றுக்குழாய் ஒன்று வளைந்து திறந்தபடி நிற்கும், மாடித் தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்கு மேலே. அதில் வால்வோ அடைப்போ எதுவும் இருக்கக் கூடாது. அதையும் போய்ப் பாருங்கள். 78 டிகிரித் தண்ணீர் தோலை வேகவைக்கும், அவ்வளவுதான். காற்றுக்குழாய் அடைத்த தொட்டி கொதித்தால் மாடியே இருக்காது.

போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள்: பல்ப் எந்தப் பாக்கெட்டில் இருக்கிறது, ஹீட்டர் தலையைத் திறந்தால் உள்ளே மெல்லிய குழாய் ஒன்று காலியாக இருக்கிறதா, தொட்டி அடியில் டம்மி போட்டு மூடிய குழாய் சாக்கெட் இருக்கிறதா.

மாடி_சோலார் (பதில்):

ஐயா சொன்னது ரொம்பச் சரி. ஒத்தக்கடையில் சோலார் சர்வீஸ் பண்ணுகிறேன், இந்த மாதிரி அரைத் தொட்டி சூடாகிற கேஸ் நிறைய வருகிறது. நான் வழக்கமாகச் செய்வது, ஒரு சின்ன சர்க்குலேஷன் பம்ப் வைத்து அடித்தண்ணீரை எடுத்து மேலே விட்டுவிடுவேன். தொட்டி முழுக்க ஒரே சூடாகிவிடும், சென்சார் எங்கே இருந்தாலும் சரியாகக் காட்டும். சோலார் பம்ப் பழையது அங்கேயே கிடக்குமே, அதையே பயன்படுத்தலாம்.

குன்றத்து_கொதிகலன் (பதில்):

தம்பி, ராத்திரி சூடாக்கும்போது மட்டும் ஓடி, நாலு மணிக்கு முன்னால் நிற்கிற மாதிரி டைமரில் வைத்தால் நல்ல யோசனைதான். ஆனால் ஆட்கள் குளிக்கிற நேரத்தில் அந்தப் பம்ப் ஓடக் கூடாது. அப்போது கீழே பச்சைத் தண்ணீர் வந்துகொண்டிருக்கும். அதைக் கலக்கிவிட்டால் மேலே இருக்கிற நல்ல வெந்நீரும் கெட்டுவிடும். சூடு மேலும் குளிர் கீழுமாகப் பிரிந்து நிற்பதால்தான் கடைசி வாளி வரைக்கும் ஒரே சூட்டில் வருகிறது. அதைக் காப்பாற்ற வேண்டும். ஹீட்டரைக் கீழே இறக்க வழியிருந்தால் பம்பே வேண்டாம் என்பது என் கருத்து. ஓடுகிற சாமான் ஒன்று குறைந்தால் கெட்டுப்போகிற சாமானும் ஒன்று குறையும்.

திருமங்கலம்_மெஸ் (பதில்):

ஐயா, இடையில் வருவதற்கு மன்னிக்கவும். திருமங்கலத்தில் மெஸ் நடத்துகிறேன். இட்லிக்கு ஸ்டீம் பாய்லர், கேஸில் ஓடுவது. பையன்கள் பேச்சு மும்முரத்தில் பர்னரை அணைக்க மறந்துவிடுகிறார்கள். இந்த டிஜிட்டல் கன்ட்ரோலரை வாங்கி 105 டிகிரியில் வைத்தால் தானாக நிற்குமா?

குன்றத்து_கொதிகலன் (பதில்):

வேண்டாம் அண்ணாச்சி. மூடிய பாத்திரத்தில் நீராவிக்குச் சூடும் அழுத்தமும் ஒன்றோடொன்று கட்டிப்போட்டது. அழுத்தமில்லாமல் 100 டிகிரி. கேஜில் அரைக் கிலோ காட்டினால் சுமார் 111. ஒரு கிலோ காட்டினால் 120. ஆகவே நீராவியை அடக்க வேண்டியது பிரஷர் சுவிட்சை வைத்து. அது செட் பண்ணிய அழுத்தம் வந்ததும், கரண்டில் இயங்கும் கேஸ் சோலனாய்டு வால்வை மூடும். தெர்மாமீட்டர் சென்சார் மெதுவாகத்தான் உணரும், அதற்குள் அழுத்தம் ஏறிவிடும்.

அதைவிட முக்கியம் தண்ணீர் மட்டம். பையன்கள் மறப்பதில் பெரிய ஆபத்து சூடு ஏறுவதில் இல்லை, தண்ணீர் வற்றிப்போவதில். தண்ணீர் குறைந்தால் பர்னரை நிறுத்துகிற லெவல் கட்-ஆஃப் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதல் செலவு அதற்குத்தான். வற்றிப்போய்ச் சிவக்கக் காய்ந்த பாய்லரில் பதறிப்போய்ப் பச்சைத் தண்ணீரை விட்டுவிடக் கூடாது, அதைப் பையன்களுக்கு மனப்பாடமாகச் சொல்லிக் கொடுங்கள். கேஸை மூடு, தள்ளிப் போ, ஆறவிடு. சேஃப்டி வால்வின் நெம்புகோலை வாரம் ஒரு தடவை தூக்கிப் பாருங்கள், ஆவி சீறி வந்து திரும்ப மூட வேண்டும்.

சட்டம் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். 25 லிட்டருக்குக் குறைவான கொள்ளளவு, அல்லது ஒரு கிலோவுக்குக் குறைவான அழுத்தம், அல்லது 100 டிகிரிக்குக் கீழே மட்டும் சூடாகும் தண்ணீர் என்றால் கொதிகலன் சட்டத்துக்குள் வராது. 1923-ஆம் வருடச் சட்டம் போய் இப்போது 2025 சட்டம் வந்திருக்கிறது, ஆனாலும் இந்த வரையறை அப்படியேதான் இருக்கிறது. உங்களுடையது சட்டத்துக்குள் வருகிற அளவு என்றால் பதிவெண்ணும் வருடாந்திர ஆய்வும் வேண்டும், சான்றிதழ் உள்ள ஆள்தான் ஓட்ட வேண்டும். தொட்டியில் அடித்திருக்கும் தகட்டைப் பாருங்கள். தகடே இல்லாமல் பட்டறையில் செய்து வாங்கியது என்றால் அதை அடுப்பில் ஏற்றுவதற்கு முன்னால் விவரம் தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்து காட்டுங்கள்.

வில்லாபுரம்வாசி (பதில்):

ஐயா, எங்கள் வீட்டு 25 லிட்டர் கீசரில் இரண்டு சந்தேகம். போர் தண்ணீர்தான், உப்பு ஜாஸ்தி. அரை மணி நேரம் ஆனில் இருந்தால் கட்-அவுட் விழுந்துவிடுகிறது. இன்னொன்று, சூடாகும்போதெல்லாம் அடியில் உள்ள வால்விலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. வால்வை மாற்றச் சொல்கிறார்கள்.

குன்றத்து_கொதிகலன் (பதில்):

அம்மா, சொட்டுவது சூடாகும்போது மட்டும் என்றால் அது நோய் இல்லை. தண்ணீர் சூடானால் பெருகும். 25 லிட்டர் 60 டிகிரிக்கு வரும்போது முந்நூறு மில்லிக்கு மேல் கூடும். அது போக வழி வேண்டுமே. அந்த வழிதான் வால்வு. தயவுசெய்து அதில் தக்கை வைத்து அடைத்துவிட வேண்டாம். கீசர் அணைந்து ஆறிய பிறகும் நிற்காமல் சொட்டினால்தான் உள்ளே மணலோ உப்போ உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

கட்-அவுட் விழுவதற்கு, அவ்வளவு உப்புத் தண்ணீர் என்றால் முதல் சந்தேகம் ஹீட்டர் மேல் படிந்த உப்புப் பாறைதான். உள்ளே ஹீட்டர் சூட்டைத் தண்ணீருக்கு விட முடியாமல் காய்கிறது, பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஸ்டெம் தெர்மோஸ்டாட்டின் குழாயும் சேர்ந்து காய்கிறது. இரண்டாவது சந்தேகம் தெர்மோஸ்டாட் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டு வெட்டாமல் இருப்பது. மெக்கானிக்கிடம் ஃபிளாஞ்சைக் கழற்றி ஹீட்டரை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், கழற்றாமல் தெர்மோஸ்டாட்டை மட்டும் மாற்றினால் திரும்ப வரும். உப்பை சிட்ரிக் ஆசிட் கரைசலில் ஊறவைத்து எடுக்கலாம். பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டை எஸ்எஸ் தொட்டிக்குள் ஊற்ற விடாதீர்கள், அதிலுள்ள குளோரைடு எஸ்எஸ்ஸில் ஊசிக்குத்து ஓட்டை போடும். கழற்றும்போது உள்ளே மெக்னீசியம் ராடு ஒன்று இருக்கும், தேய்ந்து கம்பியாகியிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். தொட்டி அரிக்காமல் அதுதான் தன்னைக் கொடுத்துக் காக்கிறது. செட்டிங் 55, 60-க்கு மேல் வேண்டாம். சூடு ஏற ஏற உப்பு படிவது கூடும்.

ஜங்ஷன்_மேனேஜர் (பதில்):

ஐயா, லூப்பை அன்றைக்கே எடுத்துவிட்டோம். நீங்கள் சொன்னது அத்தனையும் அப்படியே இருக்கிறது. பல்ப் இருந்தது அடிப் பாக்கெட்டில், ஹீட்டரிலிருந்து ஒரு முழம் கீழே. ஹீட்டர் தலையைத் திறந்தால் இரண்டிலும் மெல்லிய குழாய் காலியாக இருக்கிறது. தொட்டி அடியில் பேனலுக்குப் போன இரண்டு சாக்கெட்டும் டம்மி போட்டு மூடியிருக்கிறது. கன்டாக்டர் ஸ்டோர் ரூமில் இருக்கிறது. காற்றுக்குழாய் திறந்துதான் இருக்கிறது, ஆனால் வாயில் குளவிக் கூடு கட்டியிருந்தது. எடுத்துவிட்டேன்.

இப்போது எதை வாங்கலாம் ஐயா?

குன்றத்து_கொதிகலன் (பதில்):

குளவிக்கூட்டைப் பார்த்து எடுத்ததற்கு ரொம்ப சந்தோஷம் தம்பி. வாய்க்கு ஒரு எஸ்எஸ் வலை கட்டிவிடுங்கள், வலை அடைக்காத அளவுக்குப் பெரிய கண்ணாக.

இப்போது வாங்குவதைப் பேசலாம். பிஐடி வேண்டாம். அது பிளாஸ்டிக் மோல்டிங், பேக்கிங் மெஷின் மாதிரி அரை டிகிரி ஆடினாலும் சரக்கு கெட்டுப்போகும் இடத்துக்கு. 500 லிட்டர் தண்ணீர் மெதுவாகத்தான் ஏறும், மெதுவாகத்தான் இறங்கும். ஆன்-ஆஃப் போதும். பிஐடியைக் கன்டாக்டரோடு கட்டினால் சில விநாடிக்கு ஒரு முறை தட்டித் தட்டிக் கன்டாக்டரைத் தின்றுவிடும். அசையும் காண்டாக்ட் இல்லாத சாலிட் ஸ்டேட் ரிலே போட்டால் சத்தம் இருக்காது, ஆனால் அது கெடும்போது பெரும்பாலும் ஆனிலேயே ஒட்டிக்கொண்டு கெடும். வெந்நீர்த் தொட்டிக்கு எனக்கு அது பிடிக்காது.

ஒரு ஹீட்டரைக் கழற்றி அடிச் சாக்கெட்டுக்கு இறக்குங்கள். மரை அளவு வேறாக இருந்தால் ரெட்யூசரைத் தேடாமல் அந்த மரைக்குத் தகுந்த ஹீட்டர் வாங்குங்கள். அடி ஹீட்டர் முழுத் தொட்டிக்கும் வேலை செய்யும். 500 லிட்டரை 24-லிருந்து 60-க்கு ஏற்ற 21 யூனிட், 3 கிலோவாட்டில் 7 மணி நேரம். அதனால் அதை ராத்திரி பத்து மணிக்கே ஆன் பண்ணுங்கள். முந்தின நாள் மிச்சச் சூடு இருந்தால் சீக்கிரமே நின்றுவிடும். மேல் ஹீட்டர் கூட்டம் அதிகமான நாளுக்கு, விடியற்காலை மூன்று மணி டைமரில். மே மாதம் மாடித் தொட்டித் தண்ணீரே 38, 40-க்கு வந்துவிடும், அப்போது அடி ஹீட்டர் சீக்கிரமே வேலையை முடித்துவிடும்.

மேல் ஹீட்டருக்கு ஸ்டெம் தெர்மோஸ்டாட் வாங்கி அந்தக் காலிக் குழாயில் விடுங்கள். பித்தளைக் குழாயும் உள்ளே சூட்டுக்கு நீளாத இன்வார் கம்பியும், அவ்வளவுதான் அதன் இயந்திரம். பேட்டரி இல்லை, போர்டு இல்லை, வெயில் மழைக்குக் கவலை இல்லை. நீளம் மட்டும் குழாய்க்குச் சரியாக இருக்க வேண்டும். குழாயின் ஆழத்தை அளந்துகொண்டு டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் போனால் கிடைக்கும். ஹீட்டருக்கு மிக அருகில் இருப்பதால் கொஞ்சம் முந்தியே வெட்டும், தெர்மாமீட்டரைப் பார்த்து 62, 63-ல் வைத்துச் சரி பண்ணிக்கொள்ளுங்கள்.

அடி ஹீட்டருக்கு இப்போது கையில் இருக்கும் டிஜிட்டலில் ரிலே ஒட்டாத ஒன்றை வைத்துக்கொள்ளலாம், கன்டாக்டர் வழியாக. அந்த அடிப் பாக்கெட் அடி ஹீட்டரின் மட்டத்தில் அல்லது கொஞ்சம் மேலே இருந்தால் இப்போது அதுதான் சரியான இடம். 60-ல் நின்று 55-ல் திரும்ப ஆன் ஆகிற மாதிரி ஐந்து டிகிரி இடைவெளி கொடுங்கள். ஒரு டிகிரி வைத்தால் கன்டாக்டர் டக் டக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். சென்சாரைப் பாக்கெட்டின் அடி வரை தள்ளி, ஹீட் சிங்க் பேஸ்ட் தடவி, வாயை சிலிகானால் மூடுங்கள். மழைத்தண்ணீர் இறங்கினால், சூடு ஏறினால் ஓம் குறைகிற இந்த என்டிசி சென்சார் நிஜத்தைவிடக் கூடுதலாகக் காட்ட ஆரம்பிக்கும், தொட்டி சூடாகாமலேயே நின்றுவிடும். சந்தேகம் வந்தால் கழற்றி, மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். 25 டிகிரியில் 10 கிலோ ஓம், ஐஸ் தண்ணீரில் 30-ஐ ஒட்டி வர வேண்டும்.

பிடி100 என்ற பிளாட்டினம் சென்சார் கன்ட்ரோலர் வாங்குவதாக இருந்தால் மூன்று வயர் உள்ளதாக வாங்குங்கள். ஒரு டிகிரிக்கு 0.385 ஓம்தான் மாறும். மாடியிலிருந்து கீழே ரிசப்ஷன் வரை இரண்டு வயரில் இழுத்தால் வயரின் ஓம் சேர்ந்தே இரண்டு மூன்று டிகிரி கூட்டிக் காட்டும்.

கேப்பிலரி வகையைத் திரும்ப வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை, நல்ல சாமான்தான். ஆனால் அந்தச் செப்பு நரம்பை மடித்தால் உள்ளே உள்ள எண்ணெய் கசியும். கசிந்தால் சாதா வகைக்குத் தண்ணீர் குளிர்ந்திருக்கிறது என்றே தோன்றும், ஹீட்டரை ஆனிலேயே வைத்திருக்கும். நரம்பு உடைந்தால் ஆஃப் ஆகிற வகை என்று கேட்டு வாங்க வேண்டும். கட்-அவுட்டுக்கு அந்த வகைதான்.

ஏன் 60, குறைத்து 45-ல் வைத்தால் யாருக்கும் கை சுடாதே என்று ஓனர் கேட்பார். 20-லிருந்து 45 டிகிரி வரை தேங்கிய தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும், நுரையீரலைப் பிடிக்கும். 60-ல் அது சாகும். வயசானவர்கள் தங்கும் இடத்தில் இதை விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் 60 டிகிரித் தண்ணீர் சில விநாடியிலேயே தோலைப் பொத்துப்போகச் செய்யும், அதனால் தொட்டியில் 60 வைத்து, தொட்டியிலிருந்து இறங்கும் லைனில் தெர்மோஸ்டாட்டிக் மிக்ஸிங் வால்வு ஒன்று வைத்து 50-க்கு இறக்கி அனுப்புங்கள். பச்சைத் தண்ணீர் லைன் அதில் சேரும். இரண்டு லைனும் ஒரே மாடித் தொட்டியிலிருந்து வந்தால்தான் அழுத்தம் சமமாக இருந்து சரியாகக் கலக்கும். விலை அதிகம்தான், நீங்கள் பிஐடிக்கு வைத்த பணத்தை இதற்குக் கொடுங்கள்.

மாடியில் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் உடனே வெட்டும் சுவிட்ச், 30 மில்லி ஆம்பியரில் இருக்கிறதா? ஈரத் தரையில் வாளியில் கை விடுகிறவர்களுக்கு அது இல்லாமல் இந்த வேலை எதையும் ஆரம்பிக்க வேண்டாம்.

ஜங்ஷன்_மேனேஜர் (பதில்):

ஆர்சிசிபி இல்லை ஐயா, எம்சிபி மட்டும்தான். ஓனரிடம் பேசிவிட்டேன், அதுவும் மிக்ஸிங் வால்வும் வாங்கச் சம்மதித்துவிட்டார். வேலை முடியும் வரை மேல் ஹீட்டர் ஒன்றை மட்டும் நாலேமுக்காலுக்கு ஆள் வைத்து அணைக்கிறோம். ஒரே ஹீட்டர் என்பதால் அதற்குள் 60-ஐத் தாண்டாது என்று கணக்கு போட்டேன், சரிதானே?

குன்றத்து_கொதிகலன் (பதில்):

சரிதான். இரண்டரையிலிருந்து இரண்டேகால் மணி நேரம், 3 கிலோவாட், 250 லிட்டர்: 47 வரும். அதிகபட்சம் 50. இப்போதைக்கு அது போதும், ஆனால் நெடுநாள் அப்படியே விட்டுவிடாதீர்கள். ஆர்சிசிபி போட்டதும் அதன் டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்கள். விழாவிட்டால் எலக்ட்ரீசியனை அனுப்பிவிடாமல் அங்கேயே நிறுத்திச் சரி பண்ண வையுங்கள். மிக்ஸிங் வால்வு வாங்கும்போது உள்ளே வரும் இரண்டு பக்கத்திலும் வலை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், நம் ஊர்த் தண்ணீருக்கு அதை மாதம் ஒரு தடவை கழற்றிக் கழுவ வேண்டியிருக்கும்.